எங்கள் வீட்டு நிராமிஷ் பூனை

என் கணவருக்கு உலகத்தைப் பற்றிய கவலை அதிகம். வீட்டைப் பற்றிய கவலையை என்னிடம் விட்டுவிட்டார். தொண்ணூறுகளில் நாங்கள் வங்காளத்தில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அவருக்குப் பொதுத்துறை அலுவலகத்தில் வேலை. காய்கறி வாங்கப் போனால் பாலிதீன் பையைக் கையால் தொடமாட்டார். வாழைக்காய்த் தோலைக் குப்பையில் போட்டால் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடி உரத் தொட்டிக்கு ஏறிப் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து, தண்ணீரில் மீன் செத்து மிதக்கிற கதையை இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுவார். பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைக்காத திருநெல்வேலிச் சைவ வீட்டு மனிதர், மீனுக்காக இவ்வளவு உருகுவது இந்த ஊரில் நீங்கள் ஒருத்தர்தான் என்று கேலி செய்வேன். சிரிக்கமாட்டார்.

மகள் படிப்புக்காக வெளியூர் போன வருடம் பூனை வந்தது. நல்ல மழையில் மாடிப்படியில் ஒதுங்கி நின்று கத்தியது. தலையைத் துவட்டிப் பால் ஊற்றினேன், அதோடு சரி, எங்களோடு தங்கிவிட்டது. ஆண் பூனையை வங்காளத்தில் ஹூலோ என்பார்கள். நாங்களும் ஹூலோ என்றே கூப்பிட்டோம். அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் "ஹூலோ சாப்பிட்டுதா?" என்று கேட்பார் என் கணவர். நான் சாப்பிட்டேனா என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மகள் இல்லாத வீட்டில் அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, அதனால் நானும் பொறுத்துக்கொண்டேன்.

கீழ் வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். வயதான தம்பதி, மகன் டெல்லியில். நாங்கள் அந்த அம்மாவை மாஷிமா என்றும், அவர் கணவரை மேஷோமஷாய் என்றும் அழைத்தோம். சித்தி, சித்தப்பா என்கிற மாதிரி. மாஷிமாவுக்கு நான் பௌமா, அதாவது மருமகள். மேஷோமஷாய் தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போவார். ஞாயிறன்று இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். திரும்பி வரும்போது இன்று என்ன மீன் கிடைத்தது என்று தெருக்கதவிலேயே அறிவித்துவிடுவார். மத்தியானம் கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசனை படியேறி எங்கள் வீட்டுக்குள் வரும். என் கணவர் ஜன்னலைச் சாத்துவார். அவர் அலுவலகம் போன நாட்களில் நான் சாத்துவதில்லை.

பூனை வந்த புதிதில் மாஷிமா கேட்டார்: "என்ன பௌமா, தயிர்ச் சோறா போடுறே? மீன் இல்லாம அது எப்படிப் பூனையா இருக்கும்?"

நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. என் கணவரிடம் சொன்னேன். அவர் இதைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. பூனைக்கு எந்த உணவு பூமிக்குப் பாரமில்லாதது என்று ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். கரியாஹாட்டில் ஒரு கடையில் அப்போதுதான் வெளிநாட்டுப் பூனை உணவு டப்பாவில் வரத் தொடங்கியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு வைத்துவிட்டு வந்தார். எந்தக் கடலிலோ பிடித்து, எந்த ஊரிலோ அடைத்து, கப்பலில் ஏற்றி, இந்தப் பூனைக்கா என்று அவருக்கு ஆறவில்லை. அடுத்து, வாழ்நாளில் முதல்முறையாக மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்தார். வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தார். அங்கே கோக்கா இலிஷ் குவித்து வைத்திருந்தார்களாம். கோக்கா என்றால் சின்னப் பையன். வளர்ந்து பெரிதாகுமுன்னே வலையில் அள்ளிய இலிஷ் மீன் குஞ்சுகளுக்கு அந்தப் பெயர்.

"ஒரு தடவைகூட முட்டை போடாத குஞ்சுளா. அதைப் போயி அள்ளிட்டு வந்து குமிச்சு வச்சிருக்கான். இப்படியே போனா ஆத்துல என்ன மிஞ்சும்?" என்றார்.

"அதுக்குப் பூனை என்ன செய்யும்?"

"நம்ம வீட்டுல என்ன மிஞ்சுதோ அதைத் தின்னு வளரட்டும். அதுக்குன்னு தனியா ஒரு உசிரு போகக் கூடாது. அம்புட்டுத்தான்."

தீர்ப்பு வந்துவிட்டது. தயிர்ச் சோறு, நெய் விட்ட பருப்புச் சோறு, பாலைத் திரியவைத்து வடித்தெடுக்கும் சானா, வேகவைத்து மசித்த சோயா உருண்டை, இவைதான் ஹூலோவின் சாப்பாடு. சோயாவை என் கணவரே மசிப்பார். பூனையும் முகம் சுளிக்காமல் தின்றது. உடம்பு பளபளவென்று இருந்தது. மத்தியானம் மட்டும் கீழே இறங்கி மாஷிமாவின் வராந்தாவில் தூங்கிவிட்டு, சாயங்காலம் என் கணவர் வரும் நேரத்துக்கு மேலே வந்துவிடும்.

என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பளமும் பெருங்காயமும் வாங்கப் போகும் தமிழ்க்காரர் கடையில் நின்று, "நம்ம வீட்டுப் பூனை சைவம்லா" என்று ஆரம்பித்துவிடுவார். அலுவலகத்து வங்காளி நண்பர்கள் நிராமிஷ் பூனையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் டீ குடிக்க வந்தார்கள். நிராமிஷ் என்றால் மீன், மாமிசம் சேராத சாப்பாடு. அவர்கள் ஆளுக்கு ஒரு தடவை அதைத் தூக்கிப் பார்த்து வியந்தார்கள். மாஷிமாவும் வந்திருந்தார். என் கணவர் பேசப் பேச, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் பைத்தியக்காரத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

சில வருடங்கள் இப்படியே நன்றாகப் போயின. பிறகு ஒரு குளிர்காலத்தில் மேஷோமஷாய் மாரடைப்பில் இறந்துபோனார். முந்தின நாள்தான் கைப்பையைத் தூக்கிக் காட்டி, பார்ஷே மீன் கிடைத்தது என்று என்னிடம் சொல்லியிருந்தார். மகன் டெல்லியிலிருந்து வந்து எல்லாக் காரியங்களையும் செய்தார். காரியம் முடிந்த பிறகு உறவினர்கள் கூடி உட்கார்ந்து மீன் சாப்பிடுவார்கள், அதோடு துக்கம் முடிந்து பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது அவர்கள் வழக்கம். அன்று பந்தியில் எல்லோருக்கும் பெரிய பெரிய துண்டாக மீன் பரிமாறினார்கள். மாஷிமா சாப்பிடவில்லை. கணவரை இழந்தவள் அதன் பிறகு மீனைத் தொடக் கூடாது என்பது பழைய வழக்கம்; அந்தத் துக்கம் முடிவது மற்றவர்களுக்குத்தான், அவருக்கு இல்லை.

அந்தத் தெருவிலேயே கணவர் போன பிறகும் மீன் சாப்பிடுகிற பெண்கள் இருந்தார்கள். காலம் மாறிவிட்டது. மகனே தொலைபேசியில் கெஞ்சினார். மாஷிமா கேட்கவில்லை. "என் அம்மா விட்டாள், நானும் விடுறேன். யாருக்காகச் சமைக்கிறது, யாரோட உக்காந்து சாப்பிடுறது?" என்று என்னிடம் சொன்னார். அடுப்பைக் கழுவி, மீன் பொரித்த வாணலியை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டார். மத்தியானங்களில் எங்கள் படியில் வாசனை நின்றுபோயிற்று.

ஒரு நாள் என் கணவர் இதைக் கவனித்தார். சட்டையை மாட்டிக்கொண்டே, "பாத்தியாளா, இப்ப இந்தக் கட்டடமே சைவமாயிட்டு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், குத்தலாக இல்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நமக்குச் சைவம்ங்கது பெருமை. அவங்களுக்கு அது தாலியறுத்த சோறு. அதுக்குப் போயி சந்தோசப்படுதீங்களே, உங்களுக்கு ஈவு இரக்கம் இருக்கா?" என்று கத்திவிட்டேன். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். எங்கள் வீட்டில் எவ்வளவு பெருமையோடு சொல்லிக்கொள்கிற வார்த்தை, கீழ் வீட்டில் எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றுதான் எனக்குச் சரியாக உறைத்தது. பிறந்ததிலிருந்தே தின்னாத எங்களுக்கு அதில் இழக்க ஒன்றும் இல்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஹூலோ ஜன்னல் மேடைக்குத் தாவும்போது குறி தவறி விழுந்தது. வயதாகிறது என்றார் என் கணவர். பிறகு நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டது. சுவரை மீசையால் உரசிக்கொண்டே நடக்கத் தொடங்கியது. நல்ல வெயிலில்கூட அதன் கண்மணிகள் அகலத் திறந்து கறுப்பாக இருந்தன. நான் விரலை அதன் முகத்துக்கு நேரே ஆட்டினேன். இமைக்கவில்லை. மத்தியானம் கீழே போவதை எப்போது நிறுத்தியது என்பதையே நாங்கள் கவனித்திருக்கவில்லை.

காய்கறிக் கூடையில் துண்டை விரித்து அதைப் படுக்கவைத்து டாக்குரியாவில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் விளக்கை அடித்துக் கண்களுக்குள் வெகுநேரம் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்து தயிர்ச் சோற்றிலிருந்து சோயாவரை ஒன்றுவிடாமல் சொன்னார். கடலில் மீன் குறைவது, இலிஷ் குஞ்சுகளைப் பிடிப்பது எல்லாம் சொன்னார். மருத்துவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

"நீங்க சொல்றது எல்லாம் சரிதான். நாய்க்குக்கூட இப்படி ஓரளவு சமாளிக்கலாம். பூனைக்கு முடியாது. கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய சத்து ஒண்ணு மீன்லயும் மாமிசத்துலயும்தான் இருக்கு. அதைப் பூனையோட உடம்பு தானா உண்டாக்காது. கண் போச்சு, இனிமே வராது. இதயம் பலவீனமா இருக்கு. இன்னையிலிருந்து மீன் கொடுத்தா அது கொஞ்சம் தேறலாம்."

"நாலஞ்சு வருஷம் இதே சாப்பாடுதானே டாக்டர், நல்லாத்தானே இருந்தது?" என் கணவரின் குரல் இறங்கிவிட்டது.

"அப்படின்னா அப்போ வேற எங்கேயோ சாப்பிட்டிருக்கும்" என்றார் மருத்துவர்.

ஆட்டோவில் திரும்பினோம். கூடை அவர் மடியில் இருந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்கும், ஆனால் அதை வாயால் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

மாஷிமா வாசல்படியில் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஓ மா! நான்தான் பௌமா. தினமும் மத்தியானம் நான் சாப்பிட உக்காந்தா வந்து பக்கத்துல உக்காரும். என் துண்டுல பாதி அதுக்குத்தான். உன் வீட்டுக்காரர் அவ்வளவு பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லும்போது நான் எப்படிச் சொல்றது? சுத்தமான வீட்டுப் பூனையைக் கெடுத்துட்டேன்னு நினைப்பீங்களேன்னு பயந்தேன்."

"மிஞ்சினதைக் கொடுத்தீங்களா மாஷிமா?" என்று கேட்டார் என் கணவர். கூடையோடு படியில் பாதியில் நின்றிருந்தார். இந்த நிலைமையிலும் அதைத்தான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

"மிஞ்சினதா? மீன்ல என்னப்பா மிஞ்சும்? தலை அவருக்கு, நடுத்துண்டு மகன் வந்தா மகனுக்கு. வால் துண்டு எனக்கு. அதுல பாதி. என் பங்கைத்தான் கொடுத்தேன்" என்றார் மாஷிமா. "அப்புறம் எனக்கே பங்கு இல்லாமப் போச்சு. அது அப்பவும் வந்தது. தட்டுக்கு முன்னால உக்காந்தது. உருளைக்கிழங்கைக் கொடுத்தேன். மோந்து பார்த்துட்டு என் முகத்தைப் பார்த்தது. எத்தனையோ நாள் அப்படிப் பார்த்துட்டு, அப்புறம் வர்றதை நிறுத்திருச்சு. நான் உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

என் கணவர் மேலே போய்விட்டார். நான் போனபோது பூனையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அது அவர் சட்டைப் பொத்தானை மோந்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. அதுதான் அவரை உடைத்துவிட்டது. அவர் அம்மா போனபோதுகூட எல்லோர் முன்னாலும் அழாத மனிதர், வாய்விட்டு அழுதார். "எந்த உசிரும் போகக் கூடாதுன்னு சொன்னேன்ளா. இதோட கண்ணைப் போக்கிட்டேனே" என்றார். அவரைத் திட்டுவதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையில் அவரே மாஷிமாவின் கதவைத் தட்டினார். எந்த மீனை வாங்கினால் பாவம் குறைவு என்று கேட்டார். மாஷிமா சிரிக்கவில்லை, யோசித்துத்தான் பதில் சொன்னார். ஊருக்குக் கிழக்கே பேரி என்று ஏரி ஏரியாக இருக்கிறது. நாம் குளித்து, துவைத்து, கழுவி ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. அதில் வளர்க்கிற திலாப்பியா வாங்கலாம். கடலுக்கும் நஷ்டமில்லை, கோக்கா இலிஷுக்கும் நஷ்டமில்லை. என் கணவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுச் சாக்கடையில் மீன் வளர்கிறது என்பது இத்தனை வருட ஆராய்ச்சியில் அவருக்குத் தட்டுப்படவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். வாங்குவதற்கு யார் போவது என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

எனக்கு மீனில் தலை எது வால் எது என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அதனால் மாஷிமா என்னோடு வந்தார். மேஷோமஷாய் போன பிறகு அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை. மீன்காரர் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தார். வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் அரிவாள்மணையைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் மாஷிமா, "பூனைக்கு. இந்தப் பௌமாவோட பூனைக்கு" என்று அவசரமாகச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரரும் கேட்கட்டும் என்று இன்னொரு முறை சொன்னார்.

"ஆமாம், என் பூனைக்குத்தான்" என்று என் அரைகுறை வங்காளத்தில் அவரைவிடச் சத்தமாகச் சொன்னேன். "மாட்ராஜி பௌதி மீன் வாங்க வந்துட்டாங்க" என்று யாரோ சிரித்தார்கள். மாட்ராஜி பௌதி என்றால் மதராஸ்கார அண்ணி. சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாஷிமா குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். இது நேற்றையது, என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று மீன்காரரை அதட்டினார். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

எங்கே சமைப்பது என்பது அடுத்த சிக்கல். என் சமையலறையில் முடியாது, மாஷிமாவின் சமையலறையிலும் இனி முடியாது. என் கணவர் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பற்றவைத்தார். பூனையையும் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசனை தாங்காமல் கீழே இறங்கிப் போனார். ஓர் அலுமினியப் பாத்திரத்தில் மீனை உப்புப் போடாமல் வேகவைத்தோம். நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கரண்டியால் கிளறினேன். மாஷிமா பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஆவி முகத்தில் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். தள்ளி உட்காருங்கள், சுடும் என்றேன். அவர் நகரவில்லை.

ஆறியதும் தட்டில் போட்டு அவர் முள் எடுக்கத் தொடங்கினார். கண்ணால் பார்க்காமலே, விரல்களே தேடிப் போய் முள்ளைப் பிடித்தன. சோற்றோடு பிசைந்து ஒரு உருண்டை வைத்தார். ஹூலோ மாடியின் மறுகோடியில் இருந்தது. மூக்கைத் தூக்கி மோந்தது. பிறகு எதிலும் முட்டாமல், தடுமாறாமல், நேராக நடந்து வந்தது. என்னைத் தாண்டிப் போய் மாஷிமாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"வந்துட்டியா?" என்றார் மாஷிமா. அவர் கையிலிருந்தே அது சாப்பிட்டது. விரலிடுக்கையும் விடாமல் நக்கியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவர் துடைக்கவில்லை.

பாத்திரத்தில் இன்னும் ஒரு மீன் இருந்தது. "மாஷிமா" என்றேன். "இங்க யாரும் இல்லை. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்படவில்லை. "சீச்சீ, பூனைக்கு வச்சதையா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "வேண்டாம் பௌமா. அதுக்குச் சாயங்காலத்துக்கு எடுத்து வை."

நான் வற்புறுத்தவில்லை. எழுந்து வாளியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, அவர் கைகழுவ ஊற்றுவதற்காகக் குனிந்தேன். மாஷிமா வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றார். "அப்புறம் கழுவிக்கிறேன்."

இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மெதுவாகப் படியிறங்கிப் போனார்.